தம்பி படிக்காத புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்

சதுரங்கத்தில் அக்காவை வென்றேன். தொடர்ந்து இரண்டாவது வாரம்.

நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் சதுரங்கம் என்பது, அக்கா ஜெயிப்பதற்கும் நான் என் குதிரையைக் குறை சொல்வதற்குமான ஏற்பாடு. இப்போது ஐம்பத்தெட்டை எட்டப்போகும் வயதில் என் மூளை வளரத் தொடங்கியிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு இருப்பது அக்கா ஒருத்திதான். அவளிடம் இதைச் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் வேறு கூத்து. புதிதாக வந்த தரவில் டிசம்பர் மாதம் இரண்டு முறை வந்திருக்கிறது. மே மாதத்தைக் காணவில்லை. கீழே, சுரங்கத்தில், கருவியின் கடிகாரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இயக்குநர் அடுத்த வாரம் கூட்டம் வைத்திருக்கிறார். எங்கள் வேலை என்னவென்று ‘பாமரனுக்குப் புரியுற மாதிரி’ சொல்ல வேண்டுமாம். பாமரன் என்று அவர் சொல்வது தன்னைத்தான். அடக்கத்தால் அல்ல. ஒத்திகை பார்த்து வைக்கிறேன்.

விண்வெளியிலிருந்து ஓயாமல் துகள்கள் வந்து மேல்காற்றில் மோதுகின்றன. அந்த மோதலின் சிதறலில் மியூவான் என்னும் நுண்துகள்கள் உண்டாகிக் கீழே பாய்கின்றன. தரையில் நின்று உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றோ இரண்டோ அதைத் துளைத்துக்கொண்டு போகும். வலிக்காது. பழைய சுரங்கத்தில் அறுநூறு மீட்டர் பாறைக்கு அடியில் இறங்கிக் கையை நீட்டினால், நாளைக்கு ஒன்றோ இரண்டோ. அக்கா அங்கே கருவி வைத்து அந்த ஒன்றிரண்டைப் பன்னிரண்டு ஆண்டுகளாக எண்ணுகிறாள்.

கோடையில் மேல்காற்று சூடாகி விரிந்துகொடுக்கும். அப்போது கீழே வரும் மியூவான் நூற்றுக்கு இரண்டு கூடும், குளிரில் அதே அளவு குறையும். அதாவது, வெளிச்சமே எட்டாத ஓரிடத்தில் உட்கார்ந்து வானம் சூடா குளிரா என்று சொல்லலாம். அக்கா இதைச் சொன்னபோது ஒரு பெரிய மனிதர் மேடையிலேயே, “அந்தம்மா வானத்தை அளக்கல, சுரங்கத்துப் புழுக்கத்தை அளக்கறாங்க” என்றார். சுரங்கத்தின் வெப்பத்தில் கருவி தடுமாறி அப்படி எண்ணுகிறது என்று அர்த்தம். சபை சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை.

தீர்ப்பு எளிது. மேல்காற்று ஜூலை தொடக்கத்தில் மிகச் சூடாக இருக்கும். சுரங்கம் செப்டம்பர் நடுவில்தான் மிகப் புழுங்கும். எண்ணிக்கை ஜூலையில் உச்சமானால் வானம். செப்டம்பரில் என்றால் புழுக்கம். அக்காவின் பன்னிரண்டு ஆண்டுகளும் அந்த ஒரு தேதியில்தான் இருக்கின்றன.

அந்தத் தேதியைக் கணக்கிடுபவன் நான். அதனால் எனக்கு அது தெரியக்கூடாது என்பது அக்காவின் சட்டம். “நீ யோக்கியன்தாண்டா. ஆனா ஆசைப்பட்டா உன் கை தானா வளையும்” என்றாள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள். கை எங்கே வளையும் என்று அவளுக்குத் தெரியும். எனவே கீழேயிருந்து வரும் தரவில் எல்லாத் தேதிகளையும் ஒரு ரகசிய எண் அளவுக்கு நகர்த்திவிட்டுத் தருவாள். எத்தனை நாள் நகர்த்துகிறாள் என்பது அவள் தலைக்குள் இருக்கிறது. ஒரு நகல் இயக்குநரின் அலமாரியில் முத்திரையிட்ட உறைக்குள். என் கணக்கைப் பூட்டி, இனி ஒரு புள்ளியையும் மாற்றமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறை திறக்கும்.

அதுவரை நான் சுரங்கத்தில் இறங்கக்கூடாது. அவள் என்றைக்கு என்ன செய்தாள் என்று கேட்கக்கூடாது. கருவியின் பக்கத்தில் அவள் எழுதிவரும் பதிவேட்டைத் தொடக்கூடாது. அதில் உண்மைத் தேதிகள் இருக்கின்றன. தரவையும் ஒருமுறை இரண்டு மாதம், ஒருமுறை ஆறு மாதம் என்று தாமதித்துத்தான் தருவாள், கைக்கு வந்த நாளை வைத்து நான் ஊகித்துவிடக்கூடாதாம்.

ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குக் கருவியோடு கல்யாணம். எனக்கும் கல்யாணம் ஆகி, பின்பு ஆகாமலும் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளாக இரவுச் சாப்பாட்டில், “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்ற கேள்வி இந்த வீட்டில் கிடையாது. பல வீடுகளில் அது சட்டமில்லாமலே இல்லை.

மார்ச் 20, வியாழன்

கூட்டம் நன்றாக நடந்தது என்று இயக்குநர் சொன்னார். நடந்தது இதுதான்: சுரங்கக் கம்பெனி தண்ணீர் இறைக்கும் பம்புகளை ஜூன் முப்பதோடு நிறுத்துகிறது. அதன்பின் கீழே தண்ணீர் ஏறும். அதற்குள் கருவியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் உறையைத் திறந்துவிட வேண்டும். முடிவில் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கக் கருவி கீழே இருக்கும்போதே.

 பேருந்தில் வரும்போது அக்கா, “எப்போ பூட்டப்போற?” என்றாள். கடிகாரக் கோளாறைச் சரிசெய்யாமல் எப்படிப் பூட்டுவது என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

ஐந்தாவது வெற்றி. ராணியைச் சும்மா கொடுத்தாள். நான் விரித்த வலை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடிகாரத்தைப் பற்றி மூன்றாவது அறிக்கை எழுதினேன். கோளாறு தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. முதல் பத்து ஆண்டு, அலை அலையாக, அழகாக ஏறி இறங்குகிறது. அதன்பின் வந்த இருபத்தாறு கோப்புகளில் பதினொன்று தாறுமாறு. ஒரு மாதம் இன்னொரு மாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சில மாதங்கள் மாயம். கடிகாரத்தின் பேட்டரி முதல் பாறையின் ஈரம் வரை பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறேன். நல்ல நடை. நானே இரண்டு முறை படித்தேன்.

சாப்பிடும்போது அக்காவிடம், கடிகாரத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

“கடிகாரம் சரியாத்தான் இருக்கு.”

“பின்ன எப்படி ரெண்டு டிசம்பர் வரும்?”

“போன வருஷமே மாத்தினேன். திரும்பவும் மாத்தறேன். போதுமா? அதைப் பத்தி இனிமே பேசாதே.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கருவியைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. பெற்ற பிள்ளையைச் சொன்னால்கூடத் தாய்மார்கள் இவ்வளவு கோபப்படுவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அந்தப் பெரிய மனிதர் மேடையில் வழுக்கி விழப்போன கதையை அக்கா இன்று சொன்னாள். நன்றாகச் சிரித்தோம். காபி குடித்து முடித்தபின் மறுபடியும் சொன்னாள். அதே இடங்களில் நிறுத்தி, அதே கை அசைவோடு. நான் மறுபடியும் சிரித்தேன்.

நல்ல கதைதான். இரண்டு முறை சொல்லலாம்.

மே 13, செவ்வாய்

கூண்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டை இயக்குபவர். அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். பார்த்துத்தான் வந்திருக்கிறார் போலும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்த மனிதரோடு பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து வார்த்தை பேசியிருப்பேன். அதுவும் சட்டத்துக்கு உட்பட்டு, மழையைப் பற்றி.

அம்மா (அக்காவை அவர் அப்படித்தான் சொல்வார்) தனியாக இறங்குவது இனி வேண்டாம், யாராவது கூடப் போக வேண்டும் என்றார். ஏன் என்றேன். அவர் நேராகச் சொல்லவில்லை. சுரங்கம் பழசு, வழுக்குகிறது என்று ஏதேதோ. கடைசியில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“அம்மா கீழ ஒரு புத்தகம் எழுதறாங்க இல்ல சார், அதைக் கொஞ்சம் நீங்க பார்க்கணும்.”

நான் அதைப் பார்க்கக்கூடாது என்றேன். ஏன் என்று விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன். நகர்த்திய தேதி, ரகசிய எண், ஆசைப்பட்டால் வளையும் கை, எல்லாம். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“படிச்சவங்க விஷயம். எனக்குத் தெரியல. பார்த்தா நல்லதுன்னு தோணுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறைகூடச் சட்டத்தை மீறியதில்லை. இன்றும் மீறவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

மே 30, வெள்ளி

“சீக்கிரம் பூட்டுடா” என்றாள் அக்கா. இந்த வாரத்தில் நான்காவது முறை.

இன்னும் ஒரு சோதனை பாக்கி என்றேன். கடிகாரம் ஏன் குதிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் பூட்டினால் நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள்.

“எனக்கு நேரம் இல்ல.”

பம்பு நிற்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஏன் பறக்கிறாய் என்றேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு காய்களை அடுக்கச் சொன்னாள். ஆட்டத்தின் நடுவில், தன் காய் வெள்ளையா கறுப்பா என்று கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்டாள் என்றே எழுதி வைக்கிறேன். எழுதி வைத்தால் அது அப்படியே ஆகிவிடுமா?

ஜூன் 12, வியாழன்

பிற்பகல் மூன்று மணிக்கு அக்காவைக் கூண்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிவந்தார். கீழே, கருவி இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ச் சுரங்கத்தில் பம்பு அறைவரை போய், அங்கே உட்கார்ந்திருந்தாளாம். விளக்கை அணைத்துவிட்டு. பேட்டரி வீணாகக் கூடாதென்று அணைத்ததாகச் சொன்னாள். அது அவளுக்கு நினைவிருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கணக்கைப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

உறையைத் திறந்தோம். இயக்குநர் அறையில் நாங்கள் மூவர் மட்டும். அவர் கத்தரிக்கோலைத் தேடினார், கிடைக்கவில்லை, சாவியால் கிழித்தார். பன்னிரண்டு ஆண்டு காத்த உறை, மின்கட்டண ரசீதைப் போலக் கிழிந்தது.

உள்ளே ஒரு சிறு தாள். 212. அக்காவின் கையெழுத்து.

எல்லாத் தேதிகளையும் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பின்னுக்குத் தள்ளினேன். என் கணக்கில் உச்சம் ஜனவரி முப்பத்தொன்றில் இருந்தது. திரையில் வளைகோடு நகர்ந்து போய் நின்றது.

ஜூலை 3.

வானம். புழுக்கம் அல்ல.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசி இரண்டு ஆண்டுகளை. அங்கே கோடு கிழிந்த துணியைப் போலக் கிடந்தது. 

இயக்குநரும் அதைத்தான் பார்த்தார். பாமரன் என்று இவரைச் சொன்னது தவறு. சரியான கேள்வியைக் கேட்டார். கடிகாரம் இரண்டு ஆண்டாகக் கெட்டிருக்கிறது என்றால், அதற்கு முன் பத்து ஆண்டு கெடவில்லை என்று எப்படி நம்புவது? ஜூலை மூன்று என்பதையே எப்படி நம்புவது?  என் மூன்று அறிக்கைகளும் அவர் மேஜையில் இருந்தன. பன்னிரண்டு ஆண்டு உழைப்பைச் சாய்க்கத் தேவையான ஆயுதங்களை நானே நல்ல நடையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“கடிகாரம் கெடல” என்றாள் அக்கா.

பிறகு என்னைப் பார்த்து: “உறை திறந்தாச்சு இல்ல? சட்டம் முடிஞ்சுது. இனிமே நீ புத்தகத்தைப் படிக்கலாம்.”

ஜூன் 17, செவ்வாய்

பன்னிரண்டு ஆண்டில் முதல்முறையாகச் சுரங்கத்தில் இறங்கினேன். கூண்டின் கதவில் சாக்கட்டியால் பெரிதாக இன்றைய தேதியும் கிழமையும் எழுதியிருந்தது. கேட்டேன். இரண்டு ஆண்டாகத் தினமும் எழுதுகிறாராம். ஒருநாள் அம்மா தன்னிடம் மூன்று முறை தேதி கேட்டதாகவும், மறுநாள் கேட்கக் கூச்சப்பட்டு நின்றதாகவும், அதன்பின் எழுதத் தொடங்கியதாகவும் சொன்னார். “அவங்க பார்த்து எழுதிக்குவாங்க. நான் கவனிக்காத மாதிரி நிப்பேன்.”

அதனால் பதிவேட்டில் தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. தேதி மட்டும்.

கருவியின் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். முதல் பத்து ஆண்டு அக்காவின் எழுத்து அக்காவைப் போலவே இருக்கிறது: ‘ஏழாம் குழாய் மாற்றினேன். எண்ணிக்கை சரி.’ அவ்வளவுதான். பிறகு ஓர் அக்டோபரில்:

‘எண் ஞாபகம் வரவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தது. வயதாகிறது.’

டிசம்பரில்: ‘மூன்று எண்கள் தோன்றின. நடுவில் இருந்ததைப் போட்டேன்.’

அடுத்த மார்ச்சில்: ‘ஏழாம் குழாய் மாற்றினேன்.’ மறுவாரம்: ‘ஏழாம் குழாய் மாற்றினேன்.’ அதற்கு மறுவாரம், அதே வரி.

பிறகு நீளமாக ஒரு பக்கம். இங்கே எழுதி வைக்கிறேன்:

‘உறையைத் திறந்து பார்த்தால் இயக்குநருக்குத் தெரிந்துவிடும். கருவியை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். தம்பியிடம் சொல்லலாமென்றால், உலகத்தில் இந்த எண்ணைப் பற்றிப் பேசக்கூடாத ஒரே ஆள் அவன். நல்ல சட்டம் போட்டேன். இந்தப் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தம்பி பஜ்ஜி மடித்த தாளைக்கூடப் பிரித்துப் படிப்பான். அவன் படிக்காத ஒரே புத்தகம் இது.’

அதன்பின் அவள் இதில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள். கருவியைப் பற்றிக் குறைவாகவும் தன்னைப் பற்றி அதிகமாகவும். அடுப்பில் பால் வைத்ததை மறந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் பேர் மறந்து, ‘என்னங்க’ என்றே ஒரு வருடம் ஓட்டியது.

‘சதுரங்கத்தில் தோற்றேன். யானை எப்படி நகரும் என்று கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். இருக்கட்டும்.’

‘கடிகாரம் கெட்டுவிட்டது என்கிறான். பாவம் கடிகாரம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.’

‘எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த எண் அவன் பிறந்த நாள். வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணிப் போட்டேன். தன் பிறந்த நாளை நான் நினைப்பேன் என்று அவன் கனவிலும் சந்தேகப்படமாட்டான் என்பதால்தான் போட்டேன். இன்று மாதமே வரவில்லை. ஜூனா, ஜூலையா? முப்பத்தொன்று என்று மட்டும் தெரிகிறது. ஜூனுக்கு முப்பத்தொன்று உண்டா?’

ஜூலை முப்பத்தொன்று. ஆண்டின் இருநூற்றுப் பன்னிரண்டாவது நாள். நாட்களை எண்ணியே பிழைக்கிறவன் நான். நேற்று அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தோன்றவில்லை.

கூண்டுக்காரர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மே பதின்மூன்றாம் தேதியே சொன்னாரே இந்த மனிதர். வாசலில் நின்று சொன்னாரே. நான் என்னடா பண்ணினேன் — நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். பெருமை வேறு. ஒரே வீடு. ஒரே மேஜை. ராணியைத் தூக்கிக் கொடுத்தாள், வெள்ளையா கறுப்பா என்று கேட்டாள், எனக்கு மூளை வளர்கிறதாம்!

ஜூன் 19, வியாழன்

அக்காவின் இரும்பு அலமாரியில் மூலத் தரவு முழுவதும் உண்மைத் தேதியோடு இருக்கிறது. அதையும் அவள் எனக்குத் தந்ததையும் கழித்தால், ஒவ்வொரு கோப்பிலும் அவள் போட்ட எண் கிடைக்கும். கழித்தேன்.

பத்து ஆண்டுகள்: 212, 212, 212. ஒரு நேர்கோடு.

பிறகு 221. மறுபடி 212. 122. 212. 112. 213.

ஒன்றில் 31. பிறந்த நாளின் பாதி மட்டும் கைக்கு அகப்பட்டிருக்கிறது.

கடைசிக் கோப்பில் பூஜ்யம். எதையும் நகர்த்தாமல் தந்துவிட்டாள். உண்மைத் தேதிகள் அப்படியே என் மேஜைமேல் மாதக்கணக்கில் கிடந்திருக்கின்றன. அதற்குத்தான் மூன்றாவது அறிக்கை எழுதினேன்.

கடிகாரம் பன்னிரண்டு ஆண்டில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. திருத்திய தேதிகளைப் போட்டதும் கிழிந்த பகுதி தைத்துக்கொண்டது. பன்னிரண்டு அலைகள். உச்சம் ஜூலை 3. இனி ஒருவரும் அசைக்க முடியாது.

மியூவான்களை எண்ணப் போட்ட கணக்கில் அக்காவின் மறதிக்கும் ஒரு வளைகோடு கிடைத்திருக்கிறது. எந்த மருத்துவரிடமும் இவ்வளவு துல்லியமாக இருக்காது. இரண்டு ஆண்டாக அதைத் திரையில் வைத்துக்கொண்டுதான் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மருத்துவர். அக்காவிடம் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தேதி சொல்லத் தெரியவில்லை. கழித்தல் கடைசிவரை ஒரு பிழையில்லாமல் சொன்னாள். சொல்லி முடித்து, “ரெண்டு மிச்சம்” என்றாள். மருத்துவர் சிரித்தார். வெளியே என்னிடம் பேசும்போது சிரிக்கவில்லை.

பேருந்தில், எனக்கு எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டேன்.

“நீ பூட்டின பிறகு. முன்னாடியே சொன்னா நீ கணக்கை விட்டுட்டு என்னைப் பார்க்க ஆரம்பிச்சிருப்ப.”

“ஆமா.”

“அதான்.”

ஜூன் 27, வெள்ளி

கருவியைக் கழற்றி ஏற்றியாயிற்று. கடைசியாக ஒருமுறை இருவரும் இறங்கினோம். காலி அறை. தரையில் கருவியின் கால்கள் இருந்த இடத்தில் எட்டு வட்டங்கள்.

அக்கா நடுவில் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள். என்ன என்றேன்.

“ஒண்ணு வரும். இரு.”

அரை நாள் ஆகும் என்றேன்.

“பன்னெண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு அரை நாள் பெரிசாடா?”

நானும் நீட்டினேன். இரண்டு கை என்றால் காத்திருக்கும் நேரம் பாதியாகும், கணக்கு அப்படித்தான். கூண்டுக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரம் இருக்கும். வந்ததா என்று எப்படித் தெரியும்? வந்தாலும் வலிக்காது.

ஜூலை 31, வியாழன்

எனக்கு ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. வழக்கம்போல.

கட்டுரைக்கான படம் அச்சாகி வந்தது. அவளிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். விரலால் ஒவ்வோர் அலையாக ஏறி இறங்கினாள்.

“கோடையில ஏறுது, குளிர்ல இறங்குது. புழுக்கம் இல்ல, வானம்தான். யார் எடுத்தது? நல்லா எடுத்திருக்காங்க.”

ஒரு கெட்டிக்காரி என்றேன்.

“பொறுமைசாலியாவும் இருக்கணும்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பதினோரு கோப்புகள் ஏன் திருத்தப்பட்டன என்று கட்டுரையில் ஒரு வரி எழுத வேண்டும். இயக்குநர், ‘கடிகாரக் கோளாறு’ என்று போட்டுவிடலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மேடத்தின் பேர் கெட வேண்டாமே.

ஜூன் மாதத்திலேயே, தெளிவாக இருந்த ஒரு காலையில், அக்கா இதற்குப் பதில் சொல்லியிருந்தாள். கடிகாரத்தின் மேல் பழி போடாதே. நாளைக்கு எவனாவது அதைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டையும் தள்ளுவான். என்மேல் போடு, எனக்கு நினைவா இருக்கப்போகிறது என்று.

‘தேதிகளை நகர்த்தியவரின் பிழை, மூலத் தரவைக் கொண்டு திருத்தப்பட்டது’ என்று எழுதினேன். என் எழுத்திலேயே மோசமான நடை.

அந்தப் பெரிய மனிதருக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று பார்த்தால், அவர் போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டாகிறது. சுரங்கத்தில் தண்ணீர் கருவி இருந்த அறையைத் தாண்டிவிட்டது என்று கூண்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டார். கதவில் எழுதறீங்களா என்றும் கேட்டார்.

எழுதுகிறேன் என்றேன். சமையலறைக் கதவில், சாக்கட்டியால், தினமும். அவள் அதைப் பார்க்கும்போது நான் கவனிக்காத மாதிரி நிற்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய் — இல்லை, 12, புதன்

காலையில் கதவில் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். அக்கா வந்து நின்று பார்த்தாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், கவனிக்காத மாதிரி.

“தேதி தப்பாப் போட்டிருக்கீங்க. இன்னிக்குப் பன்னெண்டு.”

செய்தித்தாளைப் பார்த்தேன். பன்னிரண்டுதான். எனக்கு மூச்சு ஒரு நிமிடம் எங்கோ போய் வந்தது. சந்தோஷத்தில்தான். பிறகுதான் காதில் விழுந்தது: போட்டிருக்கீங்க. ஐம்பத்தெட்டு வருடத்தில் அக்கா எனக்கு மரியாதை கொடுத்ததில்லை.

துடைத்துவிட்டு மாற்றி எழுதினேன். அவள் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“உங்களைப் பார்த்தா நம்பிக்கையான ஆளாத் தெரியுது. ஒரு எண் சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கறீங்களா? எனக்கு நிக்க மாட்டேங்குது.”

சொல்லுங்க என்றேன்.

“இருநூத்திப் பன்னெண்டு.”

சரியான எண். ஒரு புள்ளி தவறவில்லை.

“என் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நல்லவன்தான். ஆனா ஆசைப்பட்டா அவன் கை வளையும்.”

சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.